கச்சாங் கொட்டையும் நம் பிள்ளைகளின் இரத்தக் கொதிப்பும்

(உம்பாயில் தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இரத்தக் கொதிப்பு என்றதும், அது வயோதிகருக்கு வரும் வியாதி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஐம்பது வயதில் ஒரு கையும் காலும் விழுந்து படுத்தவரைப் பார்த்து, 'தலைவிதி' என்கிறோம். நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்கள் 10 பேரில் சுமார் 3 பேருக்கு இந்நோய் உண்டு. இது ஒரே நாளில் வந்து சேருவதல்ல. சிறு வயதில் இரத்த அழுத்தம் கூடியுள்ள பிள்ளை, வளர்ந்த பின்னும் அதைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம்.

அழுத்தம் என்றால் என்ன என்று பால்மரம் வெட்டுகிற நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பட்டையில் கத்தி வைத்தால் பால் நன்றாக ஓடுவது ஏன்? இரவெல்லாம் மரம் நீரை இழுத்துப் பால்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கிறது. வெயில் ஏற ஏற அது இறங்குகிறது, பாலும் குறைகிறது. மரத்துக்கு இது இயற்கை. மனிதனின் இரத்தக் குழாய்க்கோ ஓயாத அழுத்தம் ஆகாது. இருதயம், மூளை, சிறுநீரகம் மூன்றையும் சத்தமில்லாமல் அரிக்கும். பெரும்பாலும் வெளியே அறிகுறி ஒன்றும் தெரியாது. பிள்ளை திடலில் பந்தடித்துக்கொண்டுதான் இருக்கும்.

நிற்க. கச்சாங்குக்கு வருவோம். 'கொட்டை தின்றால் கொழுப்பு, கொதிப்பு ஏறும்' என்று பிள்ளைகளைத் தடுப்பவர் உண்டு. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஓர் இடம் இருக்கிறது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் வறுத்தும் பொரித்தும் விற்று வளர்த்த தொழில் அது. அந்தப் பண்டத்தைத் தூற்ற நாம் வரவில்லை. வழக்கு கொட்டையின் மீதல்ல, அதன்மேல் தூவிய உப்பின் மீது.

உப்பில்லாத நிலக்கடலை 100 கிராமில் சோடியம் 20 மில்லிகிராம் அளவுதான். பொட்டாசியமோ சுமார் 700. உப்பிலுள்ள சோடியம் உடம்பில் நீரைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியம், அந்தச் சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவும். உப்புப் போட்ட பொட்டலத்தில் சோடியம் பல மடங்கு ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் 1997-இல் வெளியான 'டேஷ்' உணவு ஆராய்ச்சியில் காய்கனி, தானியம், கொழுப்புக் குறைந்த பாலோடு கொட்டை, பருப்பு வகைகளும் இருந்தன. உண்டவர்களுக்கு அழுத்தம் இறங்கியது. கொட்டை மட்டுமே அதைச் செய்தது என்று எவரும் சாதிக்க முடியாது. சிறுவர்களுக்குக் கொட்டை கொடுத்து அழுத்தத்தை அளந்த ஆராய்ச்சிகள் சொற்பம். ஆகவே, கொதிப்புக்கு மருந்தென்று சொல்லிக் கொட்டை விற்க வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புப் போதும் என்கிறது. பிள்ளைக்கு அதிலும் குறைவு. மலேசியாவில் 2017-18-இல் எடுத்த ஆய்வில் பெரியவர்கள் சராசரி 7.9 கிராம் உண்பது தெரிந்தது. உம்பாய்க் கடலோரத்தில் இருந்துகொண்டு கருவாட்டையும் பெலாச்சானையும் சிஞ்சாலோக்கையும் விடு என்றால் யார் கேட்பார்? நாமும் கேட்கமாட்டோம். ஆனால் மதியம் கருவாடு, மாலையில் பாக்கெட் மீ, இரவில் கிச்சாப்பு ஊற்றிய சோறு, நடுநடுவே உப்புக் கச்சாங் என்றால், அந்தச் சிறு உடம்பு எங்கே போகும்?

பச்சைக் கச்சாங் வாங்கி வீட்டிலேயே உப்பில்லாமல் அவித்தோ வறுத்தோ ஒரு சிறு கைப்பிடி கொடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக்கொட்டை வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். நன்றாக இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். தின்றதும் முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், உடனே ஆஸ்பத்திரி. பூஞ்சணம் பிடித்ததை வீசிவிடுங்கள். அதன் விஷம் அவித்தாலும் வறுத்தாலும் போகாது.

இனி, சங்கம் செய்யவேண்டிய காரியம். மூன்று வயது முதல் ஆண்டுக்கொரு முறை பிள்ளையின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் வழிகாட்டியது. பார்ப்பது எப்படி? அப்பன் கைக்கு அளவான பட்டையைப் பிள்ளை கையில் சுற்றினால் எண் குறைத்துக் காட்டும், நோய் மறைந்துபோகும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் கூட்டிக் காட்டும். பெரியவர்களுக்குரிய எண்ணும் சிறுவர்களுக்குப் பொருந்தாது. 13 வயதுக்குட்பட்டவருக்கு வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்தே கணக்கிட வேண்டும். ஒரு தடவை ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம்; வேறு வேறு நாட்களில் மூன்று தடவை பார்த்த பின்பே முடிவு கட்டுவார்கள்.

ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்ட இந்நாளிலும், தோட்டத்து மருந்துச்சாலையில் பெரியவர் பட்டை ஒன்றே தொங்குகிற இடம் உண்டு. சிறுவர் பட்டைக்கு நிர்வாகம் சொத்தை விற்கத் தேவையில்லை. உங்கள் தோட்டத்து டிரெஸரிடம் இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால், எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைக்கிறோம்.