சில்க் போர்டில் ஆறிய காபி

பெங்களூர்க்காரரிடம் 'வீடு எவ்வளவு தூரம்?' என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் வராது. 'முக்கால் மணி நேரம்... மழை பெய்தால் ரெண்டு மணி' என்பார்.

என் நண்பர் ஒருவர் அந்த ஊரின் சில்க் போர்டு சிக்னலில், ஓடாத காருக்குள் டிபன் பாக்ஸைத் திறந்தார். நாலு இட்லி, சட்னி, பிளாஸ்க் காபி எல்லாம் முடிந்தது. நிமிர்ந்தால் எதிரே அதே லாரி, அதே எலுமிச்சை மிளகாய்!

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ரயிலின் மஞ்சள் தடம் திறந்தது. சுமார் 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். அந்த லாரியின் தலைக்கு மேலேயே ரயில் போகிறது. ஓசூரிலிருந்து வரும் நம்மவர்கள் பொம்மசந்திரா வரை பஸ்ஸில் வந்து ரயில் பிடிக்கலாம்.

ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. ஒரே பைக்கில் போகும் புருஷன் பெண்சாதி கணக்குப் போடத்தானே செய்வார்கள்? போதாக்குறைக்கு, கர்நாடகப் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் அரசின் சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டே இலவசம்.

சைக்கிளா? கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வெயில் தொந்தரவு குறைவு, குழிதான் தொந்தரவு. முழுத் தூரமும் மிதிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மடக்கு சைக்கிளை மெட்ரோவில் ஏற்றலாம். நண்பர் இப்போது ஒன்று வாங்கியிருக்கிறார். காபி வீட்டிலேயே, சுடச்சுட.