பாரிசில் ஒரு தமிழ் வாத்தியார்



இன்று பட்டம் பெற வந்திருக்கும் உங்களில் பலர் ஆசிரியர்களாகப் போகிறீர்கள். அதனால் இன்று ஒரு வாத்தியாரை நினைவுகூர விரும்புகிறேன். பெயர் ழூலியன் வின்சோன். பிரெஞ்சுக்காரர். 1843இல் பாரிசில் பிறந்து, காரைக்காலில் வளர்ந்து, அங்கேயே தமிழ் கற்றவர். பிரான்சுக்குத் திரும்பியதும் வனத்துறையில் வேலை பார்த்தார். வேலை பார்த்த வட்டாரத்தில் பாஸ்க் மொழி புழங்கியது. அதையும் கற்று, அம்மொழி நூல்களுக்கு ஒரு பெரிய நூற்பட்டியலே தொகுத்தார்.

ஆனாலும் தமிழ் அவரை விடவில்லை. 1879 முதல் பல பத்தாண்டுகள் பாரிஸ் கீழைமொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்தார். வகுப்பைவிட்டு வெளியே வந்தால் ஒரு தமிழ்ச் சொல்கூடக் காதில் விழாத ஊர் அது. அப்படிப்பட்ட இடத்தில் பாடம் நடத்துகிறவருக்குப் புத்தகம்தான் துணை. இலக்கணம், வாசகப் பகுதிகள், சொற்பட்டியல் எல்லாவற்றையும் ஒரே நூலாக்கி 1903இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1900இல், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலைக் கதைகளைப் பிரெஞ்சு வாசகர் கையில் கொடுத்திருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புப் பகுதிகளும் அவரால் பிரெஞ்சில் வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதைப் படித்த வின்சோன், முன்பின் பார்த்திராத ஐயருக்குக் கடிதம் எழுதினார், அதுவும் தமிழில். பாரிசின் பெரிய நூலகத்தில் தமிழ்ச் சுவடிகள் இருப்பதையும் அவருக்குத் தெரிவித்தார். சிலப்பதிகார ஏடுகளைத் தேடி ஐயர் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த காலம் அது. வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தவருக்குக் கடல் கடந்து அப்படி ஒரு செய்தி! கும்பகோணம் கல்லூரியில் ஒரு தமிழாசிரியர், பாரிசில் ஒரு தமிழாசிரியர். இருவரும் கடிதத்திலேயே பழகினார்கள். ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதை அன்போடு பதிந்திருக்கிறார். பாடத்திட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்லிக் கொடுத்து வின்சோன் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தம் பாடத்தில் எங்கே என்ன புதிதாக நடக்கிறது என்று அவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார். ஆசிரியருக்கு அதுதான் அழகு என்பேன்.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் தமிழைத் தேடி வந்த கதை இது. நாம் கூடியிருக்கும் இந்தச் செட்டிநாட்டாருக்கும் பிரெஞ்சு அந்நியமில்லை. சைகோனில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே நம்மவர்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. 1947இல் அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கியபோது, அக்கரைச் சீமையில் ஈட்டிய பொருள் இந்த மண்ணில் படிப்பாக மாறியது.

1926இல் வின்சோன் மறைந்தார். அவர் கற்பித்த பள்ளி இன்று இனால்கோ என்ற பெயரில் இயங்குகிறது. தமிழ் வகுப்பும் அங்கே நடக்கிறது. துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 1903ஆம் ஆண்டு நூலை இணையத்தில் காணலாம். பிரெஞ்சு கற்ற ஒரு மாணவரும் தமிழ் முதுகலை முடித்த ஒரு மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் தமிழில் கொண்டுவரட்டும். முன்வருகிறவர்கள் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். முதல் அத்தியாயத்துக்கு நானும் கூட உட்காருகிறேன்.