குருதி உறையாக் குழந்தையும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையே தலையாய பணியாகக் கொண்ட கழகத்தின் விழாவில், ஒரு நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணலாம். அந்நோய் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிரித்துவிடுகிறது என்பதே காரணம்.

ஹீமோஃபிலியா என்பது குருதி உறையாமை நோய். குருதியை உறையச் செய்யும் காரணிகளில் எட்டாவது குறைந்தால் ‘ஏ’ வகை. ஒன்பதாவது குறைந்தால் ‘பி’ வகை. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவர் ‘ஏ’ வகையுடன் பிறக்கின்றார். சிறு கீறலால் இவர்கள் உயிருக்கு ஊறு நேர்வதில்லை. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கசியும் குருதியே கொடியது. அது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் மூட்டு தேய்ந்து முடமாகும். தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

இது சாபமும் அன்று, செய்வினையும் அன்று. எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது. இக்குறையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் இந்நோய் வரப் பாதி வாய்ப்புண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்குமே இந்நோய் இருந்ததில்லை. ஆகவே, பெற்றவளைப் பழிப்பது அறியாமை; அதனினும் அது கொடுமை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். கூலி வேலை செய்யும் தந்தை. மாதத்தில் இருமுறையேனும் முழங்கால் வீங்கும். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் நாளெல்லாம் கூலி போகும். “ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டு, பள்ளியில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டனர். என்னிடம் யோசனை கேட்டு வந்த தந்தையிடம், “வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்” என்று நானும் சொன்னேன். ஓராண்டு கழித்து அச்சிறுவன் என்னிடம் கூறினான்: “கால்வலி எனக்குப் பழகிவிட்டது ஐயா. சாயங்காலம் எல்லாரும் பள்ளிவிட்டு வருவதைப் பார்ப்பதுதான் பழகவில்லை.” என் அறிவுரை எத்துணைப் பெரிய பிழை என்பதை அன்றே உணர்ந்தேன்.

அம்பேத்கர் சிறுவயதில் வகுப்பறையில் தனியே கோணிமீது அமர்த்தப்பட்டதை நாம் அறிவோம். அது இழிவு கருதிய ஒதுக்கல். இது அச்சத்தால் நேரும் ஒதுக்கல். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், விலக்கப்பட்ட குழந்தையின் நெஞ்சில் விழும் வடு என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்?

வாழ்க்கைத் தரம் என்பதை மருத்துவர்கள் இன்று வெறும் குருதிக்கசிவின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பதில்லை. வலி எவ்வளவு, நண்பர் உண்டா, பள்ளி செல்கின்றாயா, எதை எண்ணி அஞ்சுகின்றாய் என்று குழந்தையையே கேட்கின்றனர். பெற்றோர் சொல்லும் விடையும் பிள்ளை சொல்லும் விடையும் பல வேளைகளில் வேறுபடுகின்றன. பெற்றோர் காலைப் பார்க்கின்றனர். பிள்ளையோ தோழர்களைத் தேடுகின்றான்.

மருத்துவமும் வளர்ந்துள்ளது. கசிவு வருமுன்பே காரணியைச் செலுத்திக் காக்கும் முறையைச் சுவீடன் நாட்டின் மால்மோ நகரில் 1958ஆம் ஆண்டிலேயே தொடங்கினர். தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்னும் மருந்து 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர், ‘ஏ’ வகை நோயாளர் ஐவருக்கு மரபணு மருத்துவம் செய்து கண்ட நற்பயனை 2024இல் வெளியிட்டனர். எனினும் இவையெல்லாம் ஏழையின் வாசலை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

நம்மால் இயல்வன பல உண்டு. மூட்டில் குறுகுறுப்போ வலியோ தோன்றியவுடன், வீக்கத்திற்குக் காத்திராமல், இயன்றால் இரண்டு மணி நேரத்திற்குள் காரணி செலுத்த வேண்டும். அதுவரை ஓய்வும் பனிக்கட்டி ஒத்தடமும் தரலாம். ஆஸ்பிரின் கூடாது, தசையில் ஊசி கூடாது. பல்லைத் தூய்மையாகக் காத்தல் வேண்டும். மோதி விளையாடும் ஆட்டங்களைத் தவிர்க்கலாம், நீச்சல் நல்லது. வலுவான தசை மூட்டைக் காக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பென்று சான்று பெற்றவர்க்கு, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையாகும். சான்று பெறும் வழி தெரியாமல் அலையும் பெற்றோருக்குத் துணை நிற்பது படித்த இளைஞர்களின் கடன்.

இளைஞர்களே! உங்கள் ஊரில் இத்தகைய குழந்தை இருப்பின், ஆசிரியரை நேரில் கண்டு நோயை விளக்குங்கள். தந்தை வேலைக்குச் சென்ற நாளில் மருத்துவமனைக்கு நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். வர இயலாத நாட்களில் பாடத்தை வீட்டிற்குக் கொண்டு செல்லுங்கள். நான் சொன்ன சிறுவனை மறு ஆண்டு வேறொரு பள்ளியில் சேர்த்தோம். அவன் வகுப்புத் தோழர்களே அவனுக்குக் காவலாயினர். நம் கழகம் திறந்து வைத்த கதவு எந்தக் குழந்தைக்கும் மூடப்படலாகாது.