சாய்ந்து கிடந்த கொடி

நிலக்கரி ஏற்றுமதியால் பெயர் பெற்ற துறைமுக ஊர் பிளைத். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ளது. அவ்வூரின் ஸ்பார்ட்டன்ஸ் கழகம் 1977–78 பருவத்தில், தொழில்முறை லீகிற்கு வெளியேயுள்ள நார்தர்ன் லீகில் ஆடிவந்தது. பெருங்கழகங்களின் பெயர்களையே கேட்டுப் பழகிய நாம் இதனை அறிந்திரோம்.

எனினும், எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் ஸ்டோக் சிட்டியை அதன் திடலிலேயே 3–2 என வென்று, ஐந்தாம் சுற்றில் வேல்ஸ் நாட்டு ரெக்சாமை எதிர்த்தது. இறுதி நிமிடம் வரை 1–0 என முன்னின்றது. அப்போது ரெக்சாமுக்கு ஒரு கார்னர் உதை. பயன் விளையவில்லை, ஆயினும் மூலைக்கொடி சாய்ந்து கிடந்தமையால் மீண்டும் உதைக்கப் பணித்தார் நடுவர். கோல் விழுந்தது! விதி விதிதான், நமக்கோ மனம் ஆறவில்லை.

நியூகாசிலில் நடந்த மறு ஆட்டத்தைக் காண 42,000 பேருக்கு மேல் திரண்டனர். ஸ்பார்ட்டன்ஸ் 1–2 எனத் தோற்றது. வென்றிருந்தால் காலிறுதியில் அதனை எதிர்த்து ஆட வந்திருக்கும் கழகம், ஆர்சனல்.