அத்தா வாசித்த சீறா





நாங்கள் தேக்காவில் துணிக்கடை நடத்தும் சகோதரர்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தவர்கள், புலமை இல்லை. ஒரு நூலின் முன்னால் நாங்கள் வெட்கப்பட்ட கதையைச் சொல்ல வந்தோம்.

எங்கள் அத்தா இஷாவுக்குப் பிறகு சீறாப்புராணம் வாசிப்பார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை உமறுப்புலவர் 3 காண்டங்களில், 5,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் தந்த காப்பியம் அது. அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டிலே மேகம் திரண்டு மழை பொழியும். வெள்ளம் பெருகி வரும். வயலில் நெல் விளையும். மாணவர்களாக இருந்த நாங்கள், “பாலைவனத்தில் ஏது அத்தா நெல்வயல்?” என்று கேலி செய்தோம். அத்தா பதில் சொல்லவில்லை. அதன்பின் எங்கள் முன்னால் வாசிப்பதையும் விட்டுவிட்டார்.

2020 ஏப்ரல் 7 அன்று கொரோனா முறியடிப்புக் கட்டுப்பாடு தொடங்கியது. கடையை அடைத்தோம். பள்ளிவாசல்களும் நூலகங்களும் மூடியிருந்தன. அந்த ரமலானில் அத்தாவைப் பெற்ற தாயார் கடையநல்லூரில் மௌத்தானார். ஊருக்குப் போக விமானம் இல்லை. ஜனாஸாவைக் கைப்பேசியில்தான் பார்த்தோம்.

அன்றிரவு வீட்டிலேயே தராவீஹ் தொழுதபின், அத்தா அலமாரியிலிருந்து சீறாவை எடுத்தார். கண் கலங்கியிருந்ததால் எழுத்துத் தெரியவில்லை. நாங்கள் வாங்கி வாசித்தோம். அதே மழை, அதே வயல். ஆனால் எங்களுக்கு அரபு நாடு தெரியவில்லை. சாரல் விழும் கடையநல்லூர் தெரிந்தது. புலவர் தவறு செய்யவில்லை. தமிழ்க் காப்பிய மரபுப்படி, தமக்குத் தெரிந்த மண்ணின் வளத்தையெல்லாம் நாயகம் பிறந்த நாட்டுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசித்த மனம்தான் மாறியிருந்தது.

“அன்று சிரித்தோமே, மன்னித்துவிடுங்கள்” என்றோம். “அப்ப நீங்க யாரையும் பிரிஞ்சதில்லையேப்பா” என்றார் அத்தா.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு இன்று ஒரு நூல் பிடிக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் அதைக் காராங் குனிக்காரரிடமும் போட்டுவிடாதீர்கள். அலமாரியில் இருக்கட்டும். அதைத் தேடும் நாள் அவர்களுக்கும் வரும்.