டேட் பிரிட்டனில் ஒரு கோவாக்காரர்

பெரியகுளத்திலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் இன்றைக்கு லண்டன் போகலாம். அரண்மனையும் மணிக்கூண்டும் சினிமாவில் பார்த்து அலுத்திருப்பீர்கள். தேம்ஸ் கரையோரமாக மில்பாங்க் பக்கம் வாருங்கள். முன்பு அங்கே பெரிய சிறைச்சாலை இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்த வேண்டிய கைதிகளை அதில்தான் அடைத்தார்கள். அதை இடித்த இடத்தில், சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட் கொடுத்த பணத்தில் எழும்பி, 1897-ல் திறந்ததுதான் டேட் பிரிட்டன் ஓவியக் காட்சியகம்.

2018-ல் அங்கே பிரான்சிஸ் பேக்கன், லூசியன் பிராய்ட் போன்ற பெருந்தலைகளின் படங்களோடு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதில் ஓர் அறை முழுக்க நம் நாட்டுக்காரர் ஒருவருக்கு: பிரான்சிஸ் நியூட்டன் சூசா.

அவருடைய ‘சிலுவைப்பாடு’, 1959-ல் வரைந்தது, ஆறடி உயரப் பலகை. நம் ஊர் கோயில்களில் பார்க்கும் சாந்தமான இயேசுவை இதில் தேடாதீர்கள். இவர் கறுப்பு. உடம்பெல்லாம் கருவேலமுள் மாதிரி குத்திட்டு நிற்கும் கோடுகள். பல்லைக் கடித்த வாய். பக்கத்தில் போனால் தூரிகை பலகையை உழுதிருப்பது தெரிகிறது. வலியை வருடிக்கொடுக்கும் எண்ணமே அந்தக் கைக்கு இல்லை. உள்ளே குமுறுவதற்குத் தக்கபடி உருவத்தைக் கோணி, கிழித்து வரையும் இந்தப் போக்கை எக்ஸ்பிரஷனிசம் என்பார்கள்.

இந்த ஆவேசம் எங்கிருந்து வந்தது? சூசா பிறந்தது 1924-ல், போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில், சாலிகாவ் கிராமத்தில். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். அடுத்து குழந்தைக்குப் பெரியம்மை. தையல் வேலை செய்து பிழைத்த தாய் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, முகத்தில் தழும்போடு. பெயரில் ‘பிரான்சிஸ்’ சேர்ந்தது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாமிக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை சாமியோடு சண்டை போட்ட கதைதான் சூசாவின் ஓவியம் என்பது என் எண்ணம்.

சண்டை சாமியோடு நிற்கவில்லை. பம்பாயில் படித்தபோது பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரில் படம் போட்டதாக வெளியேற்றினார்கள்; அங்கே ஏற்கெனவே இருந்த மோசமான படங்களைத் திருத்தினேன், அவ்வளவுதான் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியதற்காக 1945-ல் ஜே.ஜே. ஓவியப் பள்ளியும் விலக்கியது. 1947-ல் உசேன், ரசா, ஆரா முதலியவர்களோடு முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார். 1949-ல் ஆபாசம் என்று கண்காட்சியிலிருந்து படத்தை அகற்றினார்கள், வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அந்த வருஷமே கப்பலேறிவிட்டார். லண்டனில் சில வருஷம் வறுமைதான். 1955-ல் கேலரி ஒன் என்ற கூடத்தில் வைத்த படங்கள் மொத்தமும் விற்றுப்போயின. அதே 1955-ல் வரைந்த ‘பிறப்பு’ என்ற படம், நிறைமாதப் பெண்ணின் நிர்வாண உருவம், 2015-ல் நியூயார்க் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போனது.

எல்லாவற்றையும் கொண்டாட வேண்டியதில்லை. அவர் வரைந்த பெண்களில் பலர் எனக்கு ஒப்பவில்லை. அங்கே கோபம் வன்மமாகத் திரிந்திருக்கிறது. ஆனால் அறுபதுகளில் கறுப்பின் மேலேயே கறுப்பு பூசிச் சில படங்கள் செய்தார். நேரே நின்றால் வெறும் கறுப்புதான். பக்கவாட்டில் நகர்ந்து வெளிச்சம் படும்படி பார்த்தால், சாயத்தின் மேடுபள்ளத்தில் ஒரு முகம் எழும்பும். அந்தத் துணிச்சலுக்கு எதையும் மன்னிக்கலாம் போலிருக்கிறது!

1967-ல் நியூயார்க்கில் குடியேறிய சூசா, 2002 மார்ச்சில் மும்பையில் காலமானார். சேவ்ரி கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் இப்போது லண்டன் போகிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: பிம்லிகோ ரயில் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிஷ நடை. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. படங்களை அடிக்கடி மாற்றி மாட்டுவார்கள். சூசாவின் படம் இப்போது சுவரில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.