மணலுக்கேற்ற சில்லு

மன்னார்த் தீவு மணலால் ஆகிய பூமி. ஒரு முனையில் தாம்போதியும் பாலமும் அதனைப் பெருநிலத்தோடு இணைக்கின்றன. மறுமுனை தலைமன்னார், அதற்கப்பால் ஆதாம் பாலம் எனப்படும் மணற்றிட்டுகள் இந்தியக் கரையை நோக்கிச் செல்கின்றன. வடகரையில் பேசாலை, தென்கரையில் தாழ்வுபாடு, பெருநிலக் கரையில் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என மீனவர் ஊர்கள் பல. மீன் கரையேறும் இடத்துக்கும் தார் வீதிக்கும் இடையே இக்கரைகளிற் கிடப்பது மணற்பரப்பு. தூரம் சிறிதுதான், அதைக் கடக்கும் துன்பமோ பெரிது. வண்டி புதைந்து நின்றால் பெட்டியிலுள்ள பனிக்கட்டி உருகத் தொடங்கும். மீனின் விலையும் அதனோடு இறங்கும்.

ஆதலால் இக்கரையில் ஜீப் வண்டியோ இரட்டை ஆசன 'கப்' வண்டியோ வைத்திருப்பவர் எவர்க்கும் ஓர் எண்ணம் எழுவது இயல்பு. கரையிலே படகை இழுக்கும் உழவு இயந்திரம் மணலில் எளிதாகச் செல்கிறது. அதன் பின்சில்லு ஆளின் மார்பளவு உயர்ந்து நிற்கிறது. அவ்வாறாயின், ஜீப்புக்கும் பெரிய ரயரைப் பூட்டினால் என்ன? கேள்வி நியாயமானது. ஆனால் பெருந்தொகை செலவிடுமுன், மணலில் வண்டி ஏன் புதைகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

உலர்ந்த மணலின் துணிக்கைகள் ஒன்றோடொன்று பற்றி நிற்பதில்லை. சிறிய இடத்தில் பெரும் பாரம் அழுந்தினால் அவை விலகி ஓடுகின்றன. சில்லு கீழே இறங்குகிறது. அதே பாரம் அகன்ற இடத்திற் பரவினால் மணல் தாங்குகிறது. 2,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சில்லும் 500 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 1,100 இறாத்தல் தாங்குகிறது. ரயரிலுள்ள காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலானால், நிலத்தைத் தொடும் தடம் சுமார் 37 சதுர அங்குலம். காற்றை 15 இறாத்தலாகக் குறைத்தால் அத்தடம் ஏறக்குறைய 73 சதுர அங்குலமாகிறது. ரயரின் பக்கச்சுவரும் பாரத்திற் சிறுபங்கு தாங்குவதால் இக்கணக்கிற் சற்றே வேறுபாடு இருக்கலாம், உண்மை இதுவே. தடம் அகலத்தைக் காட்டிலும் நீளத்திலேயே மிகுதியாக வளர்கிறது. நீண்ட தடமுடைய சில்லு மணலைத் தன் முன்னே குவித்துத் தள்ளாமல், அதன்மேல் ஏறிச் செல்கிறது.

இக்கணக்கிலிருந்து வேறோர் உண்மையும் விளங்கும். பெரிய ரயரைப் பூட்டி அதிலும் 30 இறாத்தல் காற்றையே அடைத்தால், தடத்தின் பரப்பு ஏறக்குறைய முன்போலவே 37 சதுர அங்குலந்தான். பெரிய ரயரின் சிறப்பு அதன் தோற்றத்தில் இல்லை; அதே பாரத்தைக் குறைந்த காற்றோடு தாங்க வல்லது என்பதிலேயே இருக்கிறது. காற்றைக் குறைக்க மனமில்லாதவருக்கு அச்சிறப்பு பெரிதும் வீணாகும்.

பாலைவனத்தில் வண்டியோட்டியோர் இதனை அனுபவத்தாற் கண்டறிந்தனர். 1920-களின் பிற்பகுதியில் லிபியப் பாலைவனத்தைச் சாதாரண போர்ட் மோட்டார் வண்டிகளிற் கடந்தவர் ராள்ப் பாக்னோல்ட் என்ற பிரித்தானியப் படை அதிகாரி. அவர் குழுவினர் நம்பியவை ராட்சதச் சில்லுகள் அல்ல. குறைந்த காற்றும், புதையும்போது சில்லின் கீழ் இடும் இரும்புத் தகடுகளுமே. 1940-இல் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவும் அம்முறைகளையே கையாண்டது. இரண்டாம் உலகப் போரில் நீரிலும் நிலத்திலும் சென்ற 'டக்' எனும் அமெரிக்க வண்டியிலோ, சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடியே ரயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. கடலிலிருந்து மணற்கரைக்கு ஏறும்போது காற்றைக் குறைப்பர். கெட்டியான வீதியை அடைந்ததும் கூட்டுவர்.

இனிப் பெரிய ரயரால் வரும் இழப்பைப் பார்ப்போம். 28 அங்குல விட்டமுள்ள ரயரை நீக்கி 32 அங்குல ரயரைப் பூட்டுவதாகக் கொள்வோம். விட்டம் நான்கு அங்குலம் கூடினும் அச்சுப்பெட்டி உயர்வது இரண்டு அங்குலமே. இயந்திரம் சில்லின் விளிம்பிற் கொடுக்கும் உந்துவிசை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. மணலிலிருந்து மெல்லக் கிளம்புவதற்கு வேண்டிய வலு அந்த அளவுக்குப் போய்விடுகிறது. மிதியை அதே அளவு மிதித்தாலும் பிறேக்கின் பிடிப்பு அதே எட்டில் ஒரு பங்கு தளர்கிறது. வேகமானி 70 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி 80-இல் ஓடிக்கொண்டிருக்கும். சில்லின் நிறை கூடுவதால் பெயரிங்குகளும் சுக்கான் மூட்டுகளும் விரைவில் தேய்கின்றன. ரயர் மட்காட்டில் உராயாதிருக்க வண்டியின் உடலை மேலும் உயர்த்தினால், வளைவில் அது சாயும் அபாயம் மிகுகிறது.

மணலிற் பத்து நிமிடம் ஓடும் வண்டி, மதவாச்சிக்குச் செல்லும் ஏ-14 வீதியில் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. மாடோ கழுதையோ குறுக்கிடும் வேளையில் அந்த எட்டில் ஒரு பங்கு பிறேக்கு ஓர் உயிரின் விலையாகலாம்.

உழவு இயந்திரத்துக்குப் பெருஞ்சில்லு பொருந்துவது ஏன்? அதன் கியர்கள் அச்சில்லுக்கெனவே மிகத் தாழ்வாக அமைக்கப்பட்டவை. அது விரைந்தோடவும் பிறந்ததன்று. அதன் சில்லைப் பார்த்து ஜீப்பின் சில்லை அளப்பது பொருந்தாது.

ஆயினும் பெரிய ரயர் முற்றாக விலக்கத்தக்கது என்று கொள்ளலாகாது. 1948-இல் 6.00-16 ரயரோடு வெளிவந்த லாண்ட் றோவர் வண்டிக்கு, உடல் நீண்டு பாரம் கூடியபோது செய்தோரே 7.50-16 ரயரைப் பூட்டினர். வண்டியைச் செய்த நிறுவனம் அனுமதிக்கும் அளவுக்குள் ஒரு படி உயர்வது தகும். அவ்வாறு மாற்றுவோர் பாரமேற்றிய நிலையில் சுக்கானை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ரயர் எங்கும் உராயவில்லை என்று காணவேண்டும். ரயரிற் பொறிக்கப்பட்ட பாரத் தாங்கு அளவு பழையதிலும் குறைவாயிருத்தல் கூடாது. நான்கு சில்லுகளும் ஓரளவினவாயிருத்தல் மிக அவசியம். முன்னும் பின்னும் அளவு வேறுபட்டால், நாற்சில்லும் உந்தும்போது கியர்ப்பெட்டி நெரிந்து பழுதாகும். மேலதிகச் சில்லும் அதே அளவினதாகட்டும். வேகமானியைத் திருத்துவதோடு, மாற்றம் சட்டத்துக்கு அமைந்ததா என்பதை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் கேட்டறிவதும் கடமையாகும்.

மணலில் இறங்குமுன் வண்டியை நிறுத்திக் காற்றைக் குறைக்கவேண்டும். புதைந்தபின் குறைப்பது இரட்டை வேலை. மீனும் பனிக்கட்டியும் நிறைய ஏற்றியிருந்தால் மிகவும் குறைத்தலாகாது. குறைந்த காற்றோடு சடுதியாகத் திரும்பினால் ரயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சில்லு வீணாகச் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிடவேண்டும். சுழலச் சுழலக் குழி ஆழமாகும். அப்பொழுது உதவுவது மணலை வாரி எடுக்கும் மண்வெட்டியும், சில்லின் முன் இடும் பனைமட்டையுமே. தார் வீதியில் ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்புதல் வேண்டும். தளர்ந்த ரயர் வேகத்தில் நெளிந்து சூடேறி வெடிக்கும். ஆகையாற் காற்றுப் பம்பியும் அமுக்கமானியும் இல்லாத வண்டி மணலில் இறங்கத் தகுதியற்றது. திரும்பியதும் உப்பு நீரைக் கழுவி நீக்குவது, சில்லையும் பிறேக்கையும் துரு தின்னாமற் காக்கும்.

மணலைப்போல் தோன்றி ஏமாற்றுவது உவர்நிலம். மேலே உலர்ந்து வெளுத்த பொருக்கு, கீழே சேறு. அங்கே எவ்வளவு பெரிய ரயரும் காப்பாற்றாது. அன்றியும், வங்காலைச் சரணாலயம் போன்ற இடங்கள் கடல் கடந்து வரும் பறவைகளின் புகலிடம். 2010-ஆம் ஆண்டு முதல் அது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டுள்ளது. அங்கே சில்லுத்தடம் பதியாமலிருப்பதே வண்டியோட்டிக்கு அழகு.

பெரிய ரயருக்குச் செலவாகும் பணம் பெரிது. காற்றைத் திறந்துவிடுவதற்கோ செலவே இல்லை. அமுக்கமானியும் பம்பியும் அப்பணத்தில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். முதலில் இவற்றை வாங்கி, உள்ள ரயரோடு மன்னார் மணலில் ஒரு பருவகாலம் ஓடிப் பார்த்தல் வேண்டும். அதன்பின்னும் போதாதெனத் தோன்றினால், அப்பொழுது ரயரின் அளவைப்பற்றி யோசிக்கலாம்.